ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஒரு கைப்பிடிப் பாசி

பாக்கெட்டில் 'உயிருள்ள பாசி' என்று போட்டிருந்தது. நனைத்துப் பிழிந்தாள். விரல் இடுக்கெல்லாம் பச்சை. செத்த பாசிக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள்!

ஆனாலும் அதையே தொட்டியில் பரப்பிப் படம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்தாகப் போகிறது. தம்பிக்குப் படம் போயாக வேண்டும்.

தம்பி சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஊழியன். கடலுக்குப் போய் ஒன்பது மாதம். கிளம்பும்போது, பூச்சி பிடிக்கும் செடியை அவளிடம் ஒப்படைத்தான்.

"மழைத்தண்ணி மட்டும்தான் ஊத்தணும்க்கா. கீழ இருக்கிற பாசி போனா செடியும் போச்சு. வாரா வாரம் படம் அனுப்பு."

அதற்கு முன் அவர்கள் பேச்சு 'நல்லா இருக்கியா', 'இருக்கேன்' என்பதோடு முடிந்துவிடும். படம் போக ஆரம்பித்த பிறகு அரை மணி நேரம் பேசினான். புது இலை எத்தனை, மாட்டிய கொசு எத்தனை என்று கேட்டான். கப்பல் சமையல்காரரின் குறட்டையைப் பற்றிச் சொன்னான். வாரம் முழுவதும் வேறு யாரும் அவளிடம் அவ்வளவு நேரம் பேசுவதில்லை.

போன மாதம் மழைத்தண்ணீர் தீர்ந்ததும், ஒரு வாரம்தானே என்று குழாய்த்தண்ணீரை ஊற்றினாள். ஒரு வாரம் மூன்றானது. உப்புப் பூத்துப் பாசி செத்தது. செடியும் சுருண்டது.

சாயப் பாசிப் படத்தைப் பார்த்தும் அவன் வழக்கம்போலத்தான் பேசினான். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மறுநாளிலிருந்து நிஜப் பாசிக்கான தேடல். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடி மேஜையிலேயே இருந்தது. குளியலறைச் சுவரில் சுரண்டியதை வைத்துப் பார்த்தாள். வெல்வெட் துணி மாதிரி குட்டை. மொட்டைமாடியில் சுரண்டியதும் அப்படித்தான். அவளுக்கு வேண்டியது வேறு: நீளத் தண்டு, உச்சியில் நட்சத்திரம்போல ஒரு கொத்து, பிழிந்தால் பஞ்சு மாதிரி தெளிந்த தண்ணீர்.

"கண்ணாடி மாட்டச் சொன்னா, புல்லு மேய்ஞ்சுட்டிருக்கே?" என்றார் முதலாளி.

"புல்லு இல்ல சார், பாசி."

"பாத்து, வழுக்கிடப் போகுது!"

நான்காவது நர்சரியில் கிடைத்தது. ஆர்க்கிட் விற்கும் பெண், வேரைச் சுற்றி வந்த பாசியில் துளிர்த்ததை மட்டும் பிரித்து ஒரு தட்டில் வளர்த்து வந்தாள். இவள் கையோடு கொண்டுபோன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தண்டாகப் பார்த்தாள்.

"அக்கா, என் வீட்டுக்காரரையே நான் இவ்ளோ உத்துப் பாத்துக் கட்டிக்கல."

"பாத்திருந்தா?"

"கட்டியிருக்கவே மாட்டேன்!"

இருவரும் சிரித்தார்கள். தன் சிரிப்பே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

"ஒரு கைப்பிடி எடுத்துக்குங்க. குழாய்த்தண்ணி மட்டும் காட்டிடாதீங்க."

அவள் பாசியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டில் பழைய பாசியை விலக்கியபோது செடி கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகியிருந்தது. வெறும் தொட்டியில் புதுப்பாசியை வைத்து அழுத்தினாள்.

ஞாயிறு, ஐந்து மணி. போனில் ஒரு பழைய படம் இருந்தது, அவனுக்கு அனுப்பாதது. அதை அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"அக்கா, இது பழைய படம். இப்ப அந்த இலை இல்ல."

அவள் செடி இல்லாத தொட்டியைப் பார்த்தாள்.

"போன வாரம் அனுப்பினது சாயப் பாசி. எந்தப் பாசிக்கா அவ்ளோ பச்சையா இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏண்டா கேக்கல?"

எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"கேட்டா நீ படம் அனுப்பறதையே நிறுத்திட்டேன்னா?" என்றான்.

"செடி போச்சுடா. குழாய்த்தண்ணி ஊத்திட்டேன்."

"ம்."

"பாசி மட்டும் இருக்கு. நிஜப் பாசி. நாலு கடை ஏறி இறங்கினேன்."

"எத்தனை நட்சத்திரத் தலை இருக்கு? எண்ணிச் சொல்லு."

போனைத் தொட்டியருகில் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

முப்பத்தேழில் நிமிர்ந்தாள். இரைச்சல் நின்றிருந்தது. கடலில் இணைப்பு அப்படித்தான், சொல்லாமல் போகும்.

மறுபடி குனிந்தாள். "முப்பத்தெட்டு," என்றாள், வாய்விட்டே. எல்லாவற்றையும் எண்ணி முடித்து, 'நூற்றுப் பன்னிரண்டு' என்று எழுதி அனுப்பினாள். செய்தியின் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.