அசலைத் தோற்கடித்த சோபா

கொன்று உரித்த தோலில் உட்கார மாட்டேன் என்று மகள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். தோல் வியாபாரியான அப்பாவுக்கோ, கறிக்கு வெட்டிய மாட்டின் தோலைக் குப்பையில் போடுவதுதான் பாவம். ஆனாலும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போய், தோல் சோபாவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ரெக்சின் என்ற செயற்கைத் தோல் சோபா வாங்கினார். தொழில் புத்தி விடுமா? கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்து, அசலைத் தூக்கிச் சாப்பிடும் சரக்காகப் பொறுக்கினார்.

தோல் சோபாவை விற்றுவிட்டேன் என்று அவர் கூப்பிட, வந்த மகள் புது சோபாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெறும் ரெக்சின்மா, சத்தியமா!"

"கடையில ரெக்சினைத் தோல்னு விக்கும்போதும் இதே சத்தியம்தானேப்பா?"

அவர் ஓடிப்போய்க் கத்தியெடுத்து வந்து இருக்கையைக் கிழித்தார். அடியில் துணி தெரிந்தது.

"பாரும்மா, துணி! தோலுக்கு அடியில துணி ஒட்டியிருக்குமா?"

வாசலில் யாருமில்லை. கிழிசல்மேலேயே உட்கார்ந்து, இருவருக்கு வாங்கிய சாப்பாட்டில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.