கர்னல் வில்லை

பதினொரு நாளும் நாலு மணி நேரமும் அந்த வில்லை என்னிடம் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். முன்பக்கத்தில் ஒரு ராணுவ அதிகாரியின் பக்கவாட்டு முகம்: தூக்கிய முகவாய், விறைத்த காலர், தோளில் குஞ்சம். கோடுகளில் கரி நிரப்பியிருந்தார்கள். அக்காள் கணவரின் கொள்ளுத் தாத்தா. வீட்டில் அவருக்குப் பெயர் கர்னல்.

"தந்தம். போர்க்களத்துலயே உட்கார்ந்து செதுக்க வச்சாரு," என்பார் அத்தான், வருகிறவர்களிடமெல்லாம். பிறகு கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் கர்னலைத் துடைப்பார்.

அக்காவின் குழந்தைக்குப் பல் முளைக்க ஆரம்பித்ததும் வில்லை அதன் வாய்க்குப் போனது. தந்தம் ஈறுக்கு நல்லதாம். சப்பிச் சப்பிக் கர்னலின் மூக்கு மழுங்கிவிட்டது.

"மஞ்சளாயிடுச்சு. நீ கெமிஸ்ட்ரிதானே, வெளுத்துக் குடு. சங்கிலியில கோத்துப் பாப்பா கழுத்துல போட்டுடலாம்," என்று அத்தான் அதை என்னிடம் கொடுத்தார்.

எந்தத் திரவத்தில் போடுவது என்று தெரிய வேண்டுமே. எங்கள் ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தந்தத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். இதில் பொடிப்பொடியாகத் துளைகள். எலும்பு. அத்தோடு விட்டிருக்கலாம். எதனுடைய எலும்பு என்று அறிய ஆசைப்பட்டு, ஓரத்தில் சுரண்டிய தூளைத் தோழியின் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்று வரியில் பதில் வந்தது. படித்துவிட்டு வில்லையின் பின்பக்கக் குழிவை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு கை கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சங்கிலி தயாராக இருந்தது.

"வாங்க விஞ்ஞானி. பதினொரு நாளா என்ன பண்ணின? கர்னலோட அணிவகுப்பு போனியா?"

"அவ வாயத் திறக்கவே ஒரு வாரம் ஆகும். விடுங்க," என்றாள் அக்கா.

வெளுக்காத வில்லையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அத்தான் வழக்கம்போல எச்சில் தொட்டுத் துடைத்தார்.

"அத்தான், அது தந்தம் இல்ல."

"பின்ன?"

"எலும்பு."

"இருந்துட்டுப் போகட்டும். மாட்டெலும்புல செஞ்சா மட்டும் கர்னல் சிப்பாயாயிடுவாரா?"

"மாடும் இல்ல."

"அப்ப குதிரை. படையில குதிரைக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டே வில்லையைக் கோத்துச் சங்கிலியைக் குழந்தையின் கழுத்தில் போட்டார். அது உடனே கர்னலைப் பிடித்து வாய்க்குள் திணித்தது. நாடியில் எச்சில் வழிந்தது. உள்ளே ஈறு அரைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

நான் குனிந்து, விரலை விட்டு, வில்லையை வெளியே எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை வீறிட்டது.

"என்னடி இது? பிள்ளை வாயிலேருந்து பிடுங்கற?"

அக்காவைத்தான் பார்க்க முடிந்தது. அத்தானைப் பார்க்கவில்லை.

"மனுஷ எலும்புக்கா இது," என்றேன். "மண்டையோடு."