ஏழாம் வண்டி

கிழக்கு வெளுக்கும் முன்பே இளவரசியின் கைகள் விறைத்துப்போயிருந்தன. மாசிப் பனி, அதோடு தொட்டித் தண்ணீர். முந்தின நாள் சவாரியில் அப்பிய சேறு, பைக்குகளின் அடிவயிற்றில் கல்லாய் இறுகிக் கிடந்தது. மல்லாந்து படுத்து இரும்புப் பட்டையால் சுரண்டினாள். மண் கண்ணிலும் வாயிலும் உதிர்ந்தது. துப்பிவிட்டு மறுபடியும் சுரண்டினாள். எல்லாம் நான்கு சக்கர பைக்குகள். விருந்தாளிகள் வருவதற்குள் கடையில் வாங்கியதுபோல் மின்ன வேண்டும்.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்புத் தோட்டங்களைத் தாண்டினால், கருங்கல் எடுத்து எடுத்துக் கைவிட்ட குழிகள் வரிசையாக வரும். ஊர்க்காரர்களுக்கு அது குவாரி. கரும்பில் சம்பாதித்த சிங்காரவேலு அதைக் குத்தகைக்கு எடுத்து, 'பாறைப் பள்ளத்தாக்கு சாகசச் சவாரி' என்று பலகை வைத்த நாளிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு அது பள்ளத்தாக்கு. அழகுதான், இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குப் பாறைச் சுவர். அடியில் பச்சைத் தண்ணீர். காலை வெயில் பட்டால் கல்லெல்லாம் செம்பாய்ப் பழுக்கும். ஆனால் உள்ளே இறங்கிய வண்டி திரும்புவதற்கு இடம் கிடையாது. மறுமுனை வரை போய்த்தான் ஏற வேண்டும்.

சவாரியில் முன்னால் ஓட்டிப்போகும் இளவரசி போன்ற வழிகாட்டிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லி வந்ததல்ல. கோளாறான வண்டியை விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டார்கள். தங்களில் ஒருவர் ஏறிக்கொள்வார். கியரைக் குறைத்து, மண்மேட்டில் சக்கரத்தை உரசி, எப்படியோ சரிவில் இறக்கிவிடுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் சிங்காரவேலு மெக்கானிக்குக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வண்டியில் முன்னால் போன புகழ்வேந்தன், பிரேக் பிடிக்காமல் சரிவில் உருண்டான். தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக் கிடக்கிறான். வண்டியின் வளைந்த கைப்பிடியை நிமிர்த்தி, கீறலுக்குமேல் பெயின்ட் அடித்தார்கள். பிரேக்கை யாரும் தொடவில்லை.

விருந்தாளிகள் வந்து சேர்ந்ததும், அந்த வண்டியின் சாவியைத்தான் இன்று சிங்காரவேலு இளவரசியின் கையில் வைத்தார்.

"முன்னாடி நீ போ."

"பிரேக் புடிக்கலைங்க மொதலாளி."

"வழி காட்டுறவளுக்கு இன்னாத்துக்குமா பிரேக்கு? பின்னாடி வர்ற கஸ்டமருக்கு இருந்தா போதாதா?"

"அது இல்லாமதான புகழ் வுழுந்தான்?"

"அவன் சீன் போட்டான், வுழுந்தான். உனக்கு இஷ்டம் இல்லைன்னா வூட்டுக்குப் போ. லைசென்சு அது பாட்டுக்கு என் பீரோவுல தூங்கும்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருடைய அசல் லைசென்ஸையும் 'பத்திரமா இருக்கட்டும்' என்று வாங்கிப் பூட்டியவர் அவர். கரிக்கலாம்பாக்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை இளவரசிக்குக் கிடைக்க இருந்தது. அசலைக் காட்டச் சொன்னார்கள், அத்தோடு போயிற்று. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. எதிரே குழியின் வாய், பின்னால் பூட்டிய பீரோ. சாவி உள்ளங்கையை உறுத்தியது.

மூத்த வழிகாட்டி ஹமீது, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்து நீட்டினார். "குடும்மா. நான் எடுத்துக்கினு போறேன். எனக்குப் பழக்கம்தான்."

"அப்படிச் சொல்லு பாய்! இது ஆம்பள பேச்சு." சிங்காரவேலு சிரித்தார்.

இளவரசியின் கை பாதிவரை போனது. நின்றது. போன ஞாயிறும் இப்படித்தான். அன்றைக்கு அவள் முறை. 'குடுக்கா, நான் பாத்துக்கிறேன்' என்று புகழ் வாங்கிக்கொண்டு போனான்.

"குடுக்க மாட்டேன் பாய்."

"அடம் புடிக்காத. நீ புள்ளக்காரி."

"உங்க காலு மட்டும் இரும்புலயா செஞ்சிருக்கு? இன்னிக்கு நீங்க எடுப்பீங்க, நாளைக்கு நடேசன் அண்ணன் எடுப்பாரு. நாம மாத்தி மாத்தி எடுக்கிற வரைக்கும் இந்த வண்டி இப்படியே ஓடிக்கினேதான் இருக்கும்."

ஹமீதின் விரித்த கை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது. தன் வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். விருந்தாளிகளுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்த நடேசன், உறுமிக்கொண்டிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தான். குவாரி ஒரேயடியாக ஊமையானது.

"என்னப்பா பிராப்ளம்? ஆன்லைன்லயே பணம் கட்டியிருக்கோம்!" என்று ஒரு விருந்தாளி சத்தம் போட்டார்.

"பிரேக் இல்ல சார்," என்றான் நடேசன்.

அவர் தான் உட்கார்ந்திருந்த வண்டியை ஒருமுறை குனிந்து பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

சிங்காரவேலுவின் முகம் கறுத்தது. "மூணு பேரும் சேந்துக்கினீங்களா? எவன்டா உங்களுக்கு இப்படிப் பேசக் கத்துக்குடுத்தது?"

"ஏழாம் வண்டிதான்," என்றாள் இளவரசி.

"பிரேக்கைப் பாருங்க. லைசென்சைக் குடுங்க. புகழோட வைத்தியத்துக்கு வழி சொல்லுங்க," என்றார் ஹமீது. "அதுவரைக்கும் ஒரு வண்டியும் எறங்காது மொதலாளி."

"வில்லியனூர்ல ரெண்டு பசங்க வேலை கேட்டுக்கினு கெடக்கிறானுங்க. இப்பவே வரவெக்கிறேன், பாரு!" ஆபீஸ் அறைக்குள் போய், கதவை அறைந்து சாத்திக்கொண்டு போன் போட்டார்.

மூவரும் போய், சரிவு இறங்கும் இடத்திலிருந்த நீளப் பாறையில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா, தெரியாது. நடேசன் ஒரு பன்னைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தான். அதை மென்றபடி பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு கரும்புத் தோட்டப் பாதையில் புழுதி கிளம்பியது. ஒரு பைக்கில் இரண்டு பேர்.

"வந்துட்டானுங்க." நடேசன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி எழுந்தான்.

"உக்காருண்ணே. அவங்களுக்கும் ரெண்டு காலுதான்," என்றாள் இளவரசி. ஹமீதை ஒட்டி நகர்ந்து, பாறையில் இருவர் உட்கார இடம் விட்டாள்.