வெயிலில் வளைந்த இசைத்தட்டு

ஹமீது சுல்தான் துபாயில் ஏசி அறைக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். அதனால் புதுமடத்து வெயில் மறந்துபோச்சு என்று அவர் சொன்னால்கூட நம்பலாம். ஆனால் இந்த ஊரில் பிறந்த மனிதர், கழுவிய இசைத்தட்டை மொட்டைமாடியில் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் காயவைத்ததை எதில் சேர்ப்பது? ஈரமாக எது இருந்தாலும் மாடிக்குக் கொண்டுபோவது இங்கே பழக்கம். மீனுக்கும் மிளகாய்க்கும் செய்வதைக் கை தானாகப் பாட்டுக்கும் செய்துவிட்டது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, பள்ளிவாசல் முன்னால் நாலு பேரோடு பேசிவிட்டு வந்து பார்த்தால், தட்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஹமீது அதை அள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்.

தட்டு அவருடையதாக இருந்தால் இவ்வளவு பயமில்லை. அது அவர் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் இஃப்திகாருடையது. வாப்பா மவுத்தான பிறகு சாமான்களைப் பிரித்தபோது ரெக்கார்டு பிளேயர் தம்பிக்கும் தட்டுகள் அண்ணனுக்கும் போயின. இப்படி ஒரு பாகப்பிரிவினை செய்த புண்ணியவான் யாரோ! பெட்டி ஒரு வீட்டில் ஊமையாகவும், பாட்டு இன்னொரு வீட்டில் தூசியாகவும் கிடந்தன. நீ கொடு, நீ கொடு என்று ஆரம்பித்த பேச்சு தடித்து, ஒரே தெருவில் இருந்துகொண்டே அண்ணனும் தம்பியும் ஸலாமோடு நிறுத்திக்கொண்டார்கள். பெருநாள் சாப்பாட்டுக்குக்கூட இஃப்திகார் இந்த வீட்டுப் படியேறியதில்லை.

இந்த வாரம்தான் அவர் தானாக இறங்கிவந்திருந்தார். வாப்பாவுக்குப் பிடித்த தட்டைப் பக்கத்து வீட்டு பாக்கர் கையில் கொடுத்தனுப்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாட்டு கேட்க வருவதாகவும், கேட்டதும் கிளம்பிவிடுவதாகவும், சாப்பாடு கீப்பாடு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அந்தத் தட்டைத்தான் ஹமீது இப்படி ஆக்கி வைத்திருந்தார். வேண்டுமென்றே செய்துவிட்டான் என்று அண்ணன் நினைத்தால் அவ்வளவுதான், இனி மவுத்துவரைக்கும் பேச்சு கிடையாது.

மனைவி குல்சுமிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை, சிரித்துவிட்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"நல்லவேளை மச்சான், உப்புத் தடவாம வச்சீங்க."

சிரித்தாலும் வழி பிறந்தது அவளால்தான். தட்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, இளஞ்சூட்டில் இளகவிட்டு, பாரம் ஏற்றி ஆறவிட்டால் நேராகும் என்று, அவள் செல்போனில் தேடிக் காட்டிய வீடியோவில் ஒருவர் விளக்கியிருந்தார். கண்ணாடிக்கு எங்கே போவது என்று ஹமீது தலையைச் சொறிந்துகொண்டிருக்க, குல்சும் ஷோகேஸைத் திறந்தாள். துபாய்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அவற்றில் இதுவரை ஒரு வாய் டீ குடிக்க யாருக்கும் கொடுப்பினை இருந்ததில்லை. அடியிலிருந்த கண்ணாடிப் பலகைகள் இரண்டையும் உருவித் தந்தாள்.

முதல் நாள் காலை வெயிலில் வைத்தார். பொறுமை என்பது அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. சூடு ஆறுவதற்குள் திறந்து பார்த்தார். தட்டு மறுபடியும் தலையைத் தூக்கியது. மறுநாள் காலை இளவெயிலில் வைத்து எடுத்ததும், கண்ணாடியோடு நிழலுக்குக் கொண்டுபோய், மேலே மடித்த கம்பளியும் அரிசி மூட்டையும் ஏற்றியாயிற்று. அவர் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதே குல்சுமுக்கு வேலையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையை இறக்கினார்கள். தட்டைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் ஹமீது. விளிம்புக்கு அடியில் சந்து இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் சொன்னது பாக்கர் வீடுவரை கேட்டிருக்கும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது, நடுவில் ஒரு கோட்டுக்குள் கருப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. அவருக்கு உடனே புரிந்தது. பாட்டு காலங்காலமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் அது. 'வாசலில் நிற்கிறேன், நிற்கிறேன், நிற்கிறேன்' என்று பாடகி அங்கேயே சுற்றுவாள். வாப்பா எழுந்து வந்து ஊசிக் கையை விரலால் ஒரு தட்டு தட்டிவிடுவார். ஊக்கு எடுத்து நோண்டினால் கோடு கிழிந்துவிடும் என்று, பல்குத்தும் குச்சியின் முனையை நனைத்து, கோடு போகிற போக்கிலேயே தள்ளினார். அழுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தை மட்டும் போட்டுப் பார்த்தார், ஊசி துள்ளவில்லை. அதற்குள் நேரமாகிவிட, அணைத்துவிட்டுக் குளிக்க ஓடினார். நடுவில் எப்படி இருக்குமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

தொழுகை முடிந்து இஃப்திகார் வந்தார். எந்த நிமிடமும் எழுந்துவிடுகிறவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹமீது ஊசியை வைத்தார். கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போன மகனைத் தாய் கூப்பிடுகிற பாட்டு. பாதி வந்ததும் இஃப்திகார் யாரும் சொல்லாமலே எழுந்தார். பிளேயருக்குப் பக்கத்தில் வந்து, வாப்பா நீட்டுவதுபோலவே விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

'வாசலில் நிற்கிறேன்' என்று வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. பாட்டு மேலே போனது.

'கோபமொன்றும் இல்லை மகனே, சோறு ஆறுது, உள்ளே வா.'

அந்த வரியை இரண்டு பேருமே அதுவரை கேட்டதில்லை. வாப்பாவின் விரல் ஒவ்வொரு தடவையும் ஊசியை அந்த வரிக்கு அப்பால் தள்ளியிருக்கிறது. நீட்டிய விரலை மடக்கவும் தோன்றாமல் நின்றார் இஃப்திகார்.

"ஏலே, இதுல இப்படி ஒரு வரி இருந்துச்சா?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும் காக்கா."

அதற்குமேல் ஹமீதால் அடக்க முடியவில்லை. வெயிலில் வைத்தது, வளைந்தது, ஷோகேஸ் கண்ணாடி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வாங்கப்போகும் திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டார். இஃப்திகார் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"சோறு ஆறுதாம்லே. எடுத்து வைக்கச் சொல்லு."

நாலைந்து நாளாக நெஞ்சில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கியதுபோல இருந்தது ஹமீதுக்கு. வேண்டாம் என்றவருக்கும் சேர்த்துத்தான் குல்சும் சமைத்திருந்தாள். தனித்தனியாகப் போடாமல், கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட வைப்பதுபோலப் பெரிய சஹன் தாம்பாளத்தில் சோற்றைப் போட்டு, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வைத்தாள்.