யாமிலே காட்டிய கடல்

கடலே எட்டாத எங்கள் மலையூர் பெரேராவில், யாமிலே தன் மகளைக் கடலுக்குக் கூட்டிப்போன கதையைக் கேட்காத காது எங்கள் தெருவில் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடல் காட்டிய தாய், இந்தத் தெருவிலேயே தான் ஒருத்திதான் என்று இருபது வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஒஃபேலியா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், யாமிலேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் மகளிடம் கேட்டுவிட்டாள்.

"ஏன்டி மர்யோரி, அந்தக் கடல் எப்படிடி இருந்துச்சு?"

"கடலா? ஒண்ணும் ஞாபகமில்ல அத்தை. அப்பாகூடப் போன பயணம்தான் ஞாபகமிருக்கு."

"வாசப்படி தாண்டாத மனுஷன், உன்னை எங்கடி கூட்டிட்டுப் போனாரு?" என்று யாமிலே சீறினாள். கணவர் இறந்து ஆறு வருடமாகியும் அவர்மேல் குறைதான்.

"புத்தாண்டு பிறந்ததும், பயணம் வாய்க்கணும்னு எல்லாரும் காலிப்பெட்டியை இழுத்துக்கிட்டுத் தெருவைச் சுத்துவாங்கல்ல? அப்பா என்னைப் பெட்டிக்குள்ள உட்காரவெச்சு இழுத்தாரு. அதுதான் ஊருக்குப் போறதுன்னு நெனச்சேன்."

ஒஃபேலியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாமிலேக்கு வரவில்லை.

"அப்ப நான் எங்க இருந்தேன்?" என்றாள் மெதுவாக.

"நீ பெட்டிச் சக்கரம் போயிடும்னு வாசல்ல நின்னு திட்டிக்கிட்டிருந்தியேம்மா. நீயும் வாடின்னு அப்பா எவ்வளவோ கூப்பிட்டாரு."

ஒரு தெரு தூரம்தானே, போயிருக்கலாம் என்று யாமிலே முணுமுணுத்தாள். கடலைப் பற்றி அதன்பிறகு அவள் வாய் திறக்கவில்லை.