குழுவில் எதிரிக்கு ஓர் இடம்

உவர்மண் ஆராய்ச்சிக்குப் பிரிட்டனும் சீனாவில் நாங்களும் சேர்ந்து தரும் பணம் யாருக்கு என்று விண்ணப்பங்களைப் படித்து முடிவு செய்யும் குழு அது. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். என் பொறுப்பிலிருந்த பெய்ஜிங் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. உவர்மண்ணைக் கரைத்துக் குடித்தவர் பேராசிரியர் பாங் ஹுவாய்தே ஒருவர்தான். ஓய்வு பெற்றவர், பணம் கேட்டு விண்ணப்பிக்கப் போவதில்லை. ஆனாலும் அவர் பெயரைப் பட்டியலில் எழுத எனக்குத் தயக்கம்.

காரணம், சூ யிங்லான். கடலோர உவர்நிலத்தில் ஆராய்ச்சி நிலையம் நடத்துபவர். இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர், அது வராவிட்டால் நிலையத்தை மூட வேண்டியதுதான். அவர் எந்தக் கட்டுரை வெளியிட்டாலும் அடுத்த இதழிலேயே பாங் அதைக் கிழித்துத் தொங்கவிடுவார். மாநாட்டில் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

லண்டன் பக்கத்துப் பொறுப்பாளர் ரோவீனா ஒரு வழி சொன்னார். விண்ணப்பிப்பவர் தனக்கு ஒவ்வாத ஒருவரை விலக்கச் சொல்லலாம், விதியிலேயே அதற்கு இடமிருக்கிறது என்றார். உடனே சூவை அழைத்தேன்.

"அவரையே போடுங்க," என்றார் சூ. "மத்தவங்க முதல் பக்கத்தைப் பாத்துட்டுத் தலையாட்டுவாங்க. அந்த மனுஷன்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பாரு."

"மேடம், நிலையம் போயிடும்."

"வேலை தப்புன்னா போகட்டும்."

இவ்வளவு நெஞ்சுரம் எனக்கிருந்தால் நான் ஏன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

பாங் ஒப்புக்கொண்டார். நெருக்கமானவர் யாராவது விண்ணப்பித்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த விண்ணப்பம் வரும்போது அறையில் இருக்கக்கூடாது என்று விளக்கினேன். நண்பரென்று ஒருவரும் இல்லாத அந்தச் சிடுமூஞ்சி ஒரே பெயரைச் சொன்னார். சூ யிங்லான்.

சண்டைக்காரர் எப்படி நெருக்கமாவார் என்று கேட்டேன்.

"இருபது வருஷமா அந்தம்மா எழுதினதை ஒரு வரி விடாம படிச்சிருக்கேன். என் பொண்ணு கடிதத்தைக்கூட அப்படிப் படிச்சதில்ல. இதைவிட நெருக்கம் என்னய்யா வேணும்?"

சூவை அழைத்து, பாங் அறையில் இருக்கமாட்டார், தப்பித்தீர்கள் என்று நிம்மதியாகச் சொன்னேன். அவர் குரல் சுருங்கிவிட்டது.

"அப்ப என் திட்டத்துல இருக்கிற ஓட்டையை யாரு சொல்லுவா?"

மறுநாள் பாங்கே என்னை அழைத்தார். சூ முதல் தடவையாக அவருக்குப் போன் செய்தாராம். குழுவில் படிக்க முடியாதென்றால், அனுப்புவதற்கு முன்பே படித்துத் திட்டித் தரச் சொன்னாராம். விதிப்படி அது சரியா என்று கேட்டார். ரோவீனாவிடம் விசாரித்தேன், தடையில்லை என்றார். அதை பாங்கிடம் சொன்னேன்.

"அப்ப அனுப்பச் சொல்லு," என்றார் அவர். "சீக்கிரம் அனுப்பச் சொல்லு. திட்டுறதுக்கு நிறைய இருக்கும்."