கட்டிலுக்கு நாலு நிமிடம்

பெருந்தொற்றின் மூன்றாவது மாதம் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு விதி வந்தது. நோயாளிக்கு ஒரு மீட்டருக்குள், தொடர்ந்து பதினைந்து நிமிடம் இருந்த ஊழியருக்கு மட்டுமே பரிசோதனையும் தனி அறையும். கிருமிக்கும் ஒரு நகல் போயிருக்கும் என்று நம்பினோம்.

தொற்று வார்டைத் துடைக்கும் அக்காவுக்குக் காலையிலிருந்தே தொண்டை கரகரத்தது. வீட்டில் மகள் நிறைமாதம். இருப்பதோ ஒற்றை அறை. ரிசல்ட் தெரியாமல் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்து, டூட்டி முடிந்ததும் பரிசோதனை கேட்டு நேராகத் தொற்றுத் தடுப்பு அதிகாரியின் அறைக்குப் போனார்.

ஏசி ஓடியது, அதனால் ஜன்னல்கள் மூடியிருந்தன. அதிகாரியின் முகக்கவசம் தாடையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு கட்டிலுக்கடியில துடைக்க எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"நாலு நிமிஷம் சார். வாந்தி எடுத்திருந்தா ஆறு."

"எத்தனை கட்டில்?"

"பன்னெண்டு."

"அப்போ ஒரு நோயாளிகிட்ட அதிகபட்சம் ஆறு நிமிஷம். உனக்குத் தொடர்பே இல்லம்மா!" நல்ல சேதி சொன்ன மாதிரி சிரித்தார்.

"பன்னெண்டையும் கூட்டினா?"

"அதெப்படிக் கூட்டறது? எல்லாரும் வேற வேற ஆளு."

"ஆளு வேற வேறதான் சார். மூக்கு எனக்கு ஒண்ணுதானே இருக்கு."

அதிகாரி நியாயமான மனிதர். விதி புரியாமல் யாரும் மனம் நொந்து போகக்கூடாது என்பது அவர் கொள்கை. "எழுத்து பொடிசா இருக்கும், இந்தப் பக்கம் வா" என்று அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, சுற்றறிக்கையின் இருபத்திரண்டு பத்திகளையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினார். மீட்டர் என்றால் எவ்வளவு என்று கையை நீட்டியும் காட்டினார். கை முழுதாக நீளவில்லை. அக்காவின் தோளில் இடித்தது.

கடைசிப் பத்தியில் அக்கா இருமினார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா உள்ளே வந்தது இரண்டு ஐந்துக்கு. இப்போது இரண்டு இருபத்திரண்டு. முகக்கவசம் ஒரே தாவலில் மூக்குக்கு ஏறியது.

"லேபா? உடனே ஆளை அனுப்புங்க. ஹை ரிஸ்க் கேஸ். ஆமா, பதினேழு நிமிஷம், ஒரு மீட்டருக்குள்ள... யாரா? நான்தான்யா! முதல்ல இந்தம்மாவுக்கு எடுங்க. இவங்களுக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

அதிகாரிக்குத் தொற்றைத் தரக்கூடியவர் என்ற முறையில், ரிசல்ட் வரும்வரை அக்காவுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. அறிக்கையில் 'ஆபத்து நேர்ந்த இடம்' என்ற கட்டத்தில் அதிகாரியின் அறை எண் மட்டும் இருந்தது. வார்டு இன்றும் பாதுகாப்பான இடம்தான்.

அக்கா மகளுக்கு போன் போட்டார்.

"ரூம் குடுத்துட்டாங்கடி. நான் வரல. வலி எடுத்தா பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிடு."

"உனக்கு டெஸ்ட் எடுக்க ஒத்துக்கிட்டாங்களாம்மா?"

"எனக்கு எங்க ஒத்துக்கிட்டாங்க? சார் பயந்துட்டார். அந்த சாக்குல எனக்கும் எடுத்தாச்சு."

"அவருக்கு எதுவும் வந்துடாதுல்ல?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"வராம இருக்கணும்டி. பாவம், ஒரு வரி விடாம படிச்சுக் காட்டினாரு."